பின்மார்க்சியம் வர்க்கத்தைக் கைவிட்டதா? எங்கிருந்து வந்தது இது?

வெள்ளவத்தை வாசகி

எல்லோருக்கும் வணக்கம். மாதம் ஒருமுறை கூடி வாசிக்கிற சின்ன வட்டம் எங்களுடையது. பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள், இரண்டு கம்பஸ் பிள்ளைகள், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். இத்தாலிய மார்க்சியர் கிராம்சியை ஒரு மாதிரி முடித்துவிட்டோம். அடுத்து என்ன எடுப்பது என்று கதைக்கும்போது கம்பஸ் தம்பி ஒருவர், பின்மார்க்சியம் என்ற சிந்தனையின் முக்கியமான இருவர் என்று லக்லாவ், மூஃப் இருவரையும் வாசிப்போம் என்றார். ஆசிரியர் ஐயா ஒரே பிடியாக மறுத்துவிட்டார். அது தொழிலாளி வர்க்கத்தைக் கைகழுவியவர்களின் தத்துவம், சோவியத் விழுகிற நேரம் பார்த்துப் பேராசிரியர்மார் தேடிக்கொண்ட பாதுகாப்பான இடம் என்கிறார்.

எனக்கு இது வெறும் புத்தகச் சண்டை இல்லை. என் அப்பா 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் வேலை இழந்தவர். அன்றைக்கு நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அரசாங்கம் ஒரேயடியாக நிறுத்தியது, அந்த வீடுகளில் ஒன்றில் வளர்ந்தவள் நான். வர்க்கம் என்பது சும்மா பேச்சால் உண்டான ஒன்று என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். ஆனால் அதே அப்பாவின் இடதுசாரிக் கட்சிக்காரர்கள் இலங்கையின் 1972 அரசியல் யாப்பில் என்ன செய்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதை எப்படி விளங்கிக்கொள்வது என்று அப்பாவிடமும் பதில் இருக்கவில்லை.

ஆகவே கேட்கிறேன். இந்தச் சிந்தனை எங்கே, எதனால் தொடங்கியது? உண்மையில் என்னதான் சொல்கிறார்கள்? 'எல்லாமே சொல்லாடல்' என்பதன் அர்த்தம் என்ன? தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாக எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன்

அக்கா, முதலில் ஐயாவின் காலக்கணக்கைப் பார்ப்போம். லக்லாவும் மூஃபும் சேர்ந்து எழுதிய 'மேலாதிக்கமும் சோசலிச வியூகமும்' 1985இல் வந்தது. பெர்லின் சுவர் விழ இன்னும் நாலு வருசம் இருந்தது. கேள்வியோ அதைவிடப் பழையது. கஸ்தோரியாதிஸ், லெஃபோர் என்று இருவர், பாரிசில், ட்ரொட்ஸ்கி வழிக் கட்சிகளின் உலக அமைப்பான நான்காம் அகிலத்தின் பிரெஞ்சுக் கட்சிக்குள் இருந்தவர்கள், அங்கிருந்து பிரிந்து 1949இல் தங்களுக்கென ஒரு சஞ்சிகை தொடங்கினார்கள். சோவியத்தில் தனியார் முதலாளி இல்லை, ஆனால் தொழிலாளியின் தலைக்கு மேல் உத்தரவு போடுகிற அதிகாரிக் கூட்டம் இருக்கிறது, அது யார், எதனால் வந்தது என்று கேட்டார்கள். 1956இல் ஹங்கேரியில் தொழிலாளர் சபைகள் மேலேயே டாங்கிகள் ஏறியபோது அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாமல் போனது. அறுபதுகளின் நடுவில் கஸ்தோரியாதிஸ், மார்க்சியவாதியாக இருப்பதா புரட்சிக்காரனாக இருப்பதா, இரண்டில் ஒன்றைத் தெரிய வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம் என்றே எழுதினார். இவர்கள் யாரும் தொழிலாளியை வெறுத்து வெளியேறியவர்கள் இல்லை. தொழிலாளியின் பெயரில் அவனையே சுட்டதைப் பார்த்து வெளியேறியவர்கள்.

லக்லாவின் வழி வேறு. அவர் 1935இல் பிறந்த ஆர்ஜென்டினாக்காரர். அங்கே தொழிலாளிகளில் பெரும்பகுதி கம்யூனிஸ்ட் கட்சியோடும் இல்லை, சோசலிஸ்ட் கட்சியோடும் இல்லை, பெரோன் என்ற இராணுவ அதிகாரியோடு நின்றது. 1955இல் இராணுவம் பெரோனைக் கவிழ்த்து நாட்டைவிட்டு அனுப்பிய பிறகு, சம்பளம் கேட்டவர், தொழிற்சங்க உரிமை கேட்டவர், கத்தோலிக்கத் தேசியவாதி, புரட்சி வேண்டும் என்ற மாணவர் எல்லாருமே 'பெரோன் திரும்பி வரவேண்டும்' என்ற ஒரே கோரிக்கைக்குள் வந்து சேர்ந்தார்கள். ஆளுக்கு ஆள் அதற்கு வேறு வேறு அர்த்தம். 1973 ஜூனில் அவர் திரும்பி வந்த அன்றைக்கே, எசெய்சா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வரவேற்கக் கூடியிருந்த கூட்டத்தில், பெரோனிய வலதுசாரிகள் பெரோனிய இடதுசாரிகளைச் சுட்டார்கள். பின்னால் லக்லாவ் 'வெற்றுக் குறிப்பான்' என்று சொன்னதை இந்த ஒரு சம்பவத்தோடு வாசித்தால் போதும். ஒரு பெயர் எவ்வளவு பேரை ஒன்றாக்குகிறதோ அவ்வளவுக்கு அதன் சொந்த உள்ளடக்கம் மெலிந்துபோகும். அவர் 1969இலேயே இங்கிலாந்துக்குப் போய், பிறகு எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் படிப்பித்தார், ஆனால் தன் அரசியலை ஆர்ஜென்டினாவின் தொழிலாளர் தெருவில் கற்றுக்கொண்டு வந்த ஆள்.

சரி, கோட்பாட்டுக்கு வருவோம். பழைய மார்க்சியத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. பொருளாதாரம் அடித்தளம், அரசியலும் மொழியும் மதமும் அதற்கு மேல் கட்டியவை, முதலாளித்துவம் வளர வளரத் தொழிலாளிகள் தாமாகவே ஒன்றாவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஜெர்மனியில் இது ஆட்டம் கண்டது. தொழிலாளிகள் சங்கம், பிரதேசம், திறமை என்று பிரிந்துகொண்டே போனார்கள். அங்கத்தைய சோசலிஸ்ட் சிந்தனையாளர்களில் காவுட்ஸ்கி அந்த ஒற்றுமை பொறுங்கள் வரும் என்றார், பேர்ன்ஸ்டைன் வராது, சீர்திருத்தம் செய்வோம் என்றார். அதே இயக்கத்தின் புரட்சிக்காரியான ரோசா லுக்சம்பர்க் 1905 ரஷ்யப் புரட்சியைப் பார்த்துவிட்டு வேறொன்றைக் கவனித்தார்: ஒரு ஊரில் கூலிக்காகத் தொடங்கிய வேலைநிறுத்தம் இன்னொரு ஊரில் ஜார் ஆட்சிக்கு எதிரானதாக மாறுகிறது, ஒவ்வொரு சின்னப் போராட்டமும் தன்னைவிடப் பெரிய ஒன்றுக்குப் பதிலாக நிற்கிறது. அதாவது, வர்க்க ஒற்றுமை போராட்டத்துக்கு முன்னால் இருப்பதில்லை, போராட்டத்துக்குள்தான் உண்டாகிறது. லக்லாவும் மூஃபும் இந்த இழையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். கிராம்சி அதை இன்னும் தூரம் கொண்டுபோனார், பிரெஞ்சு மார்க்சியர் அல்தூசர் ஃபிராய்டிடமிருந்து 'மிகைநிர்ணயம்' என்பதை எடுத்து வந்து, எந்த முரண்பாடும் தனியாக, சுத்தமாக இருப்பதில்லை என்றார். ஆனால் இருவரும் ஒரு இடத்தில் நின்றுவிட்டார்கள். கிராம்சிக்கு மையத்தில் ஒரு அடிப்படை வர்க்கம் இருந்தே ஆகவேண்டும், அல்தூசருக்கு 'இறுதி நிலையில்' பொருளாதாரமே தீர்மானிக்கும். அந்தக் கடைசி உத்தரவாதத்தையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்டதுதான் பின்மார்க்சியம்.

மிஞ்சுவது அரசியல் என்பது அவர்கள் பதில். யார் யாரோடு சேர்வார்கள் என்பது முன்கூட்டி எழுதி வைக்கப்படவில்லை, அதைக் கோத்துக் கட்ட வேண்டும், கட்டத் தவறினால் இன்னொருவன் வேறு மாதிரிக் கட்டிவிடுவான்.

இப்போது எங்கள் ஊர். இலங்கையின் இடதுசாரிக் கட்சியான சமசமாஜக் கட்சி, ரஷ்யப் புரட்சியாளர் ட்ரொட்ஸ்கியின் வழி வந்தது. பின்தங்கிய நாட்டில் முதலாளி வர்க்கம் ஜனநாயகக் கடமைகளை முடிக்காது, தொழிலாளி வர்க்கமே அவற்றை ஏற்று முடிக்கும் என்பது அதன் அடிப்படைப் பாடம். மொழிச் சமத்துவம், பிரஜாவுரிமை எல்லாம் அந்தக் கடமைகளில் வரும். 1948இல் மலையக மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டத்தைக் கட்சி எதிர்த்தது. 1956இல் கட்சித் தலைவர்களில் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா, இரு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரு நாடு என்று எச்சரித்தார். அப்புறம் 1964 ஜூனில் பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கத்தில் கட்சித் தலைவர் என்.எம். பெரேரா நிதியமைச்சர். அதே ஆண்டு ஒக்டோபரில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், மலையக மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று. 1972இல் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்து, பழைய யாப்பின் 29ஆம் பிரிவில் சிறுபான்மையினருக்கு இருந்த பாதுகாப்பையும் விட்டுவிட்டு வந்த யாப்பை எடுத்து வந்தவர் அதே கொல்வின்.

இதைத் துரோகம் என்று மட்டும் சொன்னால் விளக்கம் கிடைக்காது. மொழிச் சமத்துவத்தைக் கட்சி ஒரு 'கடமை'யாகத்தான் வைத்திருந்தது, வர்க்கம் போகிற வழியில் ஏற்றுக்கொள்ளும் ஒரு சுமை மாதிரி. அந்தக் கடமை யார் அந்த வர்க்கம் என்பதையே மாற்றக்கூடியது என்று அது நினைக்கவில்லை. சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் எப்படியும் தொழிலாளிதானே, அந்த ஒற்றுமை கைவசம் இருக்கிறது, மொழியைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்று நம்பினார்கள். கைவசம் இருக்கவில்லை. லக்லாவ், மூஃப் புத்தகத்தின் முதல் இரண்டு அத்தியாயங்கள் ஐரோப்பாவைப் பற்றியவை, எனக்கு அவை கொழும்பைப் பற்றி எழுதியது போலவே இருந்தன.

இங்கேயும் இதை யோசித்தவர்கள் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இருந்த சமூகவியலாளர் நியூட்டன் குணசிங்க 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பிறகு அல்தூசரின் கருத்தை எடுத்து, இனமுரண்பாடு வர்க்க முரண்பாட்டின் மேல் ஏறி அதை எப்படி ஆட்கொள்கிறது என்று எழுதினார். ஒரு மார்க்சியவாதி அந்த நேரத்தில் அதை எழுதியது சின்ன விசயம் இல்லை.

பழைய சங்கக்காரர்

மகள், உன் அப்பாவுக்கு என் வணக்கம். நானும் அந்த ஜூலையில் வெளியில் நின்றவன்.

கொட்டாஞ்சேனைத் தம்பி நன்றாக எழுதியிருக்கிறார், ஆனால் 1964ஐப் பற்றி ஒரு முக்கியமான விசயத்தைத் தாண்டிப் போய்விட்டார். அப்போது தொழிற்சங்கங்கள் ஒன்றாகச் சேர்ந்து 21 கோரிக்கைகளை வைத்திருந்தன. 1963இல் இடதுசாரிக் கட்சிகள் ஐக்கிய இடதுசாரி முன்னணி என்று ஒரு மேடையிலும் ஏறியிருந்தன. அந்த அலையை விட்டுவிட்டுத்தான் சமசமாஜக் கட்சித் தலைவர்கள் அமைச்சுப் பதவிக்குப் போனார்கள். எட்மண்ட் சமரக்கொடி, பாலா தம்பு போன்றவர்கள் அதை எதிர்த்து வெளியேறினார்கள், நான்காம் அகிலமும் கட்சியை விலக்கியது. இவர்களுக்கு அதைத் தவறு என்று காண லக்லாவ் தேவைப்படவில்லை, பழைய மார்க்சியமே போதுமாக இருந்தது. வர்க்கக் கோட்பாட்டைப் பின்பற்றியதால் அல்ல, அதைக் கைவிட்டதால் வந்த வினை அது.

இரண்டாவது, இந்தக் கோட்பாட்டால் எங்கள் பக்கத்தை எதிரியின் பக்கத்திலிருந்து பிரித்துக் காட்ட முடியுமா? 1956ஐ எடுங்கள். அந்த வருசம் தேர்தலில் வென்று பிரதமரான பண்டாரநாயக்க பிக்கு, வைத்தியர், ஆசிரியர், விவசாயி, தொழிலாளி என்று ஐம்பெரும் சக்திகளைக் கோத்துக் கட்டினார். ஆங்கிலம் படித்த கொழும்பு மேட்டுக்குடிக்கு எதிரான அத்தனை கோபமும் 'சிங்களம் மட்டும்' என்ற ஒரு கோரிக்கைக்குள் போனது. தம்பி விளக்கிய சூத்திரத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் உலகத்தில் கிடைக்காது. எப்படிக் கட்டினார்கள் என்று அது அழகாகச் சொல்லும். எதைக் கட்ட வேண்டும், ஏன் அதைக் கட்டக்கூடாது என்று சொல்ல அதனிடம் என்ன இருக்கிறது?

மார்க்சியச் சிந்தனையாளர் நோர்மன் ஜெராஸ் 1987இல் இதே மாதிரிக் கேட்டார். சுரண்டலுக்கும் சோசலிசத்துக்கும் இடையில் அவசியமான தொடர்பு எதுவும் இல்லை என்றால், பிறகு சோசலிசம் எதற்கு? மார்க்சியத்தை முதலில் ஒரு பொம்மையாகச் சுருக்கிவிட்டு அந்தப் பொம்மையை அடிக்கிறார்கள் என்றும் சொன்னார். அதற்கு முந்திய வருடம் இன்னொரு மார்க்சியரான எலன் மெய்க்சின்ஸ் வூட், இவர்கள் வர்க்கத்திலிருந்து பின்வாங்குகிறார்கள் என்று ஒரு புத்தகமே எழுதிவிட்டார். உங்கள் ஆசிரியர் ஐயாவின் கோபம் ஆதாரமில்லாத கோபம் இல்லை.

தொழிலாளி இல்லாமல் போய்விட்டாளா என்றால் அதுவும் இல்லை. 2011 மே மாதம் தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலத்துக்கு எதிராகக் கட்டுநாயக்கப் பிள்ளைகள் வீதிக்கு இறங்கினார்கள். பொலிஸ் சுட்டு ஒரு இளைஞன் செத்தான், அரசாங்கம் சட்டமூலத்தைத் திருப்பி எடுத்தது. யுத்தத்தை வென்ற செருக்கோடு இருந்த அரசாங்கம் அது. அதைப் பின்வாங்க வைத்தது ஆடைத் தொழிற்சாலைப் பெண்பிள்ளைகளின் கூட்டம்.

தேயிலைக் காட்டுப் பிள்ளை

இரண்டு பேரும் எங்கள் ஆட்களை எண்ணிக்கையாகவும் ஒப்பந்தமாகவும் சொல்லிக்கொண்டே போகிறீர்கள், அதனால் நானும் எழுதலாம் என்று நினைத்தேன். பதுளைப் பக்கம் தோட்டத்தில் பிறந்து இப்போது கிருலப்பனையில் அறை எடுத்து வேலை செய்கிறேன்.

அக்கா, 'எல்லாமே சொல்லாடல்' என்பதற்கு நான் விளங்கிக்கொண்டதைச் சொல்கிறேன். வெளியில் எதுவும் இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு என்று அவர்கள் சொல்லவில்லை. நிலநடுக்கம் வருவது நம் விருப்பத்தைக் கேட்டு வருவதில்லை, ஆனால் அதை இயற்கை என்று எடுப்பதா கடவுளின் கோபம் என்று எடுப்பதா என்பது நாம் எந்த அர்த்த ஒழுங்குக்குள் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது, இதுதான் அவர்கள் கொடுக்கிற உதாரணம். எனக்கு அதைவிடத் தோட்டத்துத் தராசு நன்றாக விளங்குகிறது. அம்மா கொழுந்து எடுத்துக்கொண்டு வந்து நிறுக்கிற இடத்தில் வரிசையில் நிற்பார். சாக்குக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் கிலோ கழிப்பார்கள். மிச்சம், சொன்ன அளவுக்கு வந்தால் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், வராவிட்டால் அரைப் பேர். கொழுந்து உண்மை, தராசு உண்மை, அம்மாவின் இடுப்பு வலி உண்மை. ஆனால் பத்து மணிநேர வேலை 'அரை நாள்' ஆவது அந்தப் பதிவால்தான். பதிவு, தராசு, கணக்கப்பிள்ளையின் அதட்டல், எடுக்கிறது பெண் எழுதுகிறது ஆண் என்ற வழக்கம், எல்லாம் சேர்ந்த ஒன்றைத்தான் அவர்கள் சொல்லாடல் என்கிறார்கள். பேச்சையும் பொருளையும் பிரித்து வைத்துவிட்டு இதை விளங்க முடியாது.

சங்கக்கார ஐயா, உங்களோடு ஒரு விசயத்தில் நான் உடன்படவில்லை. 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் சூட்டில் செத்தபோது உங்கள் கட்சி எங்களோடு நின்றது, அதை எங்கள் ஆட்கள் இன்றைக்கும் சொல்வார்கள். எட்டு வருசத்தில் பிரஜாவுரிமை போனது, அடுத்த வருசம் வாக்கும் போனது. நாட்டின் மிகப் பெரிய தொழிலாளர் கூட்டம் பாராளுமன்றக் கணக்கில் இல்லாமல் போனது. அதற்குப் பிறகு எந்தக் கட்சிக்கு எங்களால் என்ன பயன்? அப்போது பிரஜாவுரிமை என்பது அடித்தளத்துக்கு மேலே உட்கார்ந்த ஓடா, இல்லை அடித்தளத்தையே வெட்டிய கோடரியா? தொழிலாளி வர்க்கம் எவ்வளவு பெரியது, அதற்கு எவ்வளவு பலம் என்பதை ஒரு சட்டம் தீர்மானித்தது. முதலில் நாங்கள் தொழிலாளி, பிறகு அதன் மேல் இந்திய வம்சாவளி, அதன் மேல் பெண் என்று அடுக்கடுக்காக யாரும் வாழவில்லை.

தோட்டத்தில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா வேண்டும் என்ற போராட்டத்தையும் பாருங்கள். 2018 ஒக்டோபரில் காலிமுகத் திடலில் கறுப்பு உடுத்திக்கொண்டு ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் கூடினார்கள், அதில் நிறையப் பேர் கொழும்பில் கடைகளிலும் கம்பனிகளிலும் வேலை செய்கிறவர்கள். அவர்களுடைய சம்பளம் தோட்டச் சம்பளம் இல்லை. பிறகு ஏன் வந்தார்கள்? ஆயிரம் ரூபா என்பதற்குள் லயத்து அறை இருந்தது, சொந்தக் காணி இருந்தது, கடிதம் தோட்ட ஒபிசுக்குப் போகாமல் வீட்டுக்கு வரும் ஒரு முகவரி இருந்தது, தோட்டக்காடு என்று கூப்பிட்ட வாய்களுக்குப் பதில் இருந்தது. 2021 மார்ச்சில் ஆயிரம் ரூபா சட்டமானது. பல தோட்டங்களில் உடனே எடுக்க வேண்டிய கிலோவைக் கூட்டிவிட்டார்கள். இங்கே சங்கக்கார ஐயா சொல்வதுதான் சரி, முதலாளி தராசை மறக்கவே மாட்டான். அந்தப் பெயருக்குள் இருந்த காணியும் முகவரியும் இன்னும் அப்படியே கிடக்கின்றன.

வெள்ளவத்தை வாசகி

மூன்று பேருக்கும் மிகவும் நன்றி. செக்ரோல் உதாரணத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், நெடுநேரம் அதைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார். கொட்டாஞ்சேனைத் தம்பி, ஐயா 1956 பற்றிக் கேட்டதற்கு உங்கள் பதில் என்ன? 2022இல் ஜனாதிபதி கோத்தாபயவை விலக வைத்த அரகலயப் போராட்டத்தையும் இதே மாதிரிப் பார்க்கலாமா?

கொட்டாஞ்சேனைக்காரன்

ஐயாவின் கேள்வி நியாயமானது. கோத்துக் கட்டும் முறை இரு பக்கத்துக்கும் பொது என்பதை லக்லாவ் மறுக்கவே இல்லை, பிற்காலத்தில் வெகுசனவாதம் பற்றி எழுதியதிலும் அதைத்தான் சொன்னார். அவர்கள் வைத்த அளவுகோல் ஜனநாயகப் புரட்சி. லெஃபோரிடமிருந்து எடுத்தது இது: மன்னன் போன பிறகு அதிகாரத்தின் இடம் வெறுமையானது, யாரும் அதை நிரந்தரமாகத் தன் உடம்பால் நிரப்ப முடியாது. பண்டாரநாயக்க கோத்துக் கட்டிய கோரிக்கைச் சங்கிலி அந்த இடத்தை ஒரு இனத்தால் நிரப்பி மூடியது, தமிழர் அதற்குள் வரவே முடியாதபடி. சமத்துவக் கோரிக்கை இன்னொரு சமத்துவக் கோரிக்கைக்கு வழி திறக்கிறதா, அடைக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். ஆனால் ஏன் சமத்துவத்தின் பக்கம் நிற்க வேண்டும் என்பதற்கு அவர்களிடம் பலமான வாதம் இல்லை என்றுதான் எனக்கும் படுகிறது. நாலாவது அத்தியாயம் முதல் இரண்டின் பக்கத்தில் வைக்க முடியாத அளவுக்கு மெலிவு.

அரகலய பற்றி: எரிபொருள் வரிசை, காஸ், மின்வெட்டு, 2021இல் இரசாயனப் பசளையைத் தடை செய்ததால் அழிந்த விவசாயி, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்கு நீதி கேட்டவர்கள், எல்லாம் 'கோத்தா கோ ஹோம்' என்பதில் கூடின. காலிமுகத் திடலில் தேசிய கீதம் தமிழில் பாடப்பட்டது, யுத்தத்தின் கடைசியில் செத்தவர்களை நினைத்து மே 18 அன்று முள்ளிவாய்க்கால் கஞ்சி பரிமாறப்பட்டது. அதைச் சின்ன விசயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியிலிருந்து வீதியில் இருந்த காணாமலாக்கப்பட்டோரின் அம்மாமார் கேட்டது வெறுமனே ஒருவர் வீட்டுக்குப் போவதை அல்ல. அவர்களுடைய கேள்வி அரசை நோக்கியது, அரகலயவின் சங்கிலி ராஜபக்ச என்ற ஒரு குடும்பத்தை நோக்கியது. ஜூலை 14இல் கோத்தாபய பதவி விலகியதும் சேர்த்து வைத்த பெயரே இல்லாமல் போனது. 22ஆம் திகதி விடியுமுன் இராணுவம் வந்து கூடாரங்களைப் பிரித்தபோது, இரண்டு வாரத்துக்கு முன்னால் கொழும்பை நிரப்பிய கூட்டம் அங்கே இருக்கவில்லை.

வாசிப்பு வட்டத்துக்கு ஒரு யோசனை. எல்லோரும் மூன்றாவது அத்தியாயத்திலிருந்து தொடங்கிக் கலைச்சொற்களில் மாட்டிக்கொள்வார்கள். நீங்கள் ரோசா லுக்சம்பர்க்கோடு தொடங்குகிற முதல் அத்தியாயத்தை எடுங்கள், கிராம்சி முடித்தவர்களுக்கு இரண்டாவதும் கஷ்டமாக இராது.

பழைய சங்கக்காரர்

அப்படியானால் ஜெராசின் கட்டுரையையும் அதற்கு அவர்கள் எழுதிய மறுப்பையும் அதே மாதத்தில் சேர்த்து வாசியுங்கள், இரண்டும் 1987இல் ஒரே சஞ்சிகையில் வந்தவை. ஒன்றை மட்டும் வாசித்தால் சண்டை விளங்காது. மகள், ஆசிரியர் ஐயாவுக்கு ஆட்சேபணை இல்லையென்றால் நானும் வருகிறேன், திகதியைப் போடு. தேயிலைக் காட்டுப் பிள்ளையையும் கூப்பிடு, 1948 பற்றி அவள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.